சீசாவில் அடைத்த அம்மா

பச்சைத் தண்ணீர் போலிருந்த அந்தச் சீசாவுக்குள் இருப்பது தான்தான் என்பதை நிரஞ்சனாவால் நம்ப முடியவில்லை. மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றுமில்லை. சளி பிடித்தவளைப் போல இன்னும் நன்றாக உறிஞ்சிப் பார்த்தாள். அப்போதும் ஒன்றுமில்லை.

"ஏமாத்தறீங்களா?" என்றாள்.

குழந்தைகள் காப்பகத்தின் மேலாளர் ஸ்வேதா இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள். "எல்லா அம்மாவும் இதைத்தான் கேப்பாங்க மேடம். நம்ம வாசனை நமக்குத் தெரியாது. பொறந்ததுல இருந்து அதுக்குள்ளயேதான இருக்கோம், மூக்கு அதைச் சட்டையே பண்ணாது. சார்கிட்ட குடுத்துப் பாருங்க."

சஞ்சித் சீசாவை வாங்கி மோந்தான். அவன் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. கல்யாணமான புதிதில் மட்டும் அவன் முகத்தில் இருந்த ஒரு சிரிப்பு, போன இடம் தெரியாமல் போயிருந்த சிரிப்பு, திரும்பி வந்தது.

"நீதான் நிரு. அப்படியே நீதான்."

சொல்லிவிட்டு அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. மறுபடியும் சீசாவையே மோந்தான். பக்கத்தில் முழுசாக ஒருத்தி நிற்கிறாள், இந்த மனுஷன் கண்ணாடிச் சீசாவைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறான். நிரஞ்சனாவுக்குச் சுருக்கென்றது. தன்னைப் பார்த்துத் தானே பொறாமைப்படுவதாவது என்று அதை அப்போதைக்கு ஒதுக்கிவிட்டாள்.

"இதை எங்க ஆயா கழுத்துலயும் தோள்லயும் தடவிக்குவாங்க" என்றாள் ஸ்வேதா. "பாப்பாவுக்கு அம்மா மடியிலயே இருக்கற மாதிரி இருக்கும். அழாது, ஏங்காது. நீங்க நிம்மதியா வேலைக்குப் போகலாம். மாசா மாசம் புதுசா மாதிரி குடுத்துருங்க, அது போதும்."

மாதிரி என்பது வேறொன்றுமில்லை. சோப்புப் போடாமல் குளித்து, அவர்கள் தரும் பருத்தி பனியனைப் போட்டுக்கொண்டு இரண்டு ராத்திரி தூங்கி எழ வேண்டும். மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

ஒரு காலத்தில் மனிதர்கள் கடையில் வாங்கிய வாசனையை உடம்பில் அடித்துக்கொண்டு வெளியே கிளம்பினார்கள் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். சட்டைக்கு சென்ட், அக்குளுக்கு ஸ்ப்ரே, காருக்குள் ஒரு குப்பி, கக்கூசுக்குள் ஒரு குப்பி, கைக்குட்டையில் ஓடிகோலன் என்று ஊரே நனைந்து கிடந்த காலம் அது. முதலில் தலைவலிக்காரர்களும் வீசிங்காரர்களும் முனகினார்கள். ரொம்பத்தான் அலட்டிக்கொள்கிறார்கள் என்று அவர்களைக் கேலி செய்தோம். அப்புறம் பள்ளிக்கூடங்களில் தடை வந்தது. பிறகு பஸ்ஸில், பிறகு ஆபீசில். கல்யாண மண்டப வாசலில் பன்னீர்ச் சொம்பு காணாமல் போனது. மல்லிகைப் பூவில் கைவைக்க மட்டும் எந்த அரசாங்கத்துக்கும் துணிச்சல் வரவில்லை. இன்றைக்கு எவனாவது சென்ட் அடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறினால், இவன் எதை மறைக்கிறான் என்றுதான் நாலு பேரும் பார்ப்பார்கள்.

ஆனால் வாசனை வியாபாரிகள் என்ன இளிச்சவாயர்களா? ரோஜாவும் சந்தனமும் போன பிறகு ஜனங்களின் மூக்கு திறந்துகொண்டது. பக்கத்தில் நிற்கும் ஆளின் உடம்பு வாசனை முதல் முறையாகத் தெரிய ஆரம்பித்தது. உடனே அதையே விற்க ஆரம்பித்தார்கள். அதற்கு மணநகல் என்று பெயர். கப்பலில் போகிறவன் பெண்டாட்டியின் சீசாவைக் கொண்டுபோனான். ஹாஸ்டல் பிள்ளைகளின் தலையணையில் வீட்டார் சொட்டினார்கள். கோயம்புத்தூர்க் காப்பகங்களில் ஆயாக்கள் அம்மாக்களைப் பூசிக்கொண்டார்கள்.

நிரஞ்சனாவின் மகள் நேயாவுக்கு வாய்த்த ஆயாவின் பெயர் கோகிலா. பொள்ளாச்சிப் பக்கம். முப்பத்தைந்து வயதிருக்கும், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பையன்களுக்கு அம்மா. அழகி என்று சொல்ல முடியாது. நிரஞ்சனா முதல் நாளே அதைப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே இருந்தது. நிரஞ்சனாவுக்குப் பம்பு கம்பெனியில் டிசைன் வேலை. மேஜையில் போனை நிறுத்திவைத்து, காப்பகத்தின் கேமராவில் மகளைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வாள். நேயா கோகிலாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்போதெல்லாம், 'அது நான்' என்று சொல்லிக்கொள்வாள். நேயா கோகிலாவின் கன்னத்தில் எச்சில் வழிய முத்தமிடும்போது, 'எனக்குத்தான் அது' என்று தன் கன்னத்தைத் தொட்டுக்கொள்வாள். எட்டு மாதக் குழந்தைக்கு என்ன தெரியும்? வாசனையைத்தானே தெரியும். ஆயா என்பவள் தன் சீசாவை மாட்டிவைக்கும் ஒரு ஆணி, அவ்வளவுதான்.

அந்த ஆணிக்கு ஒரு பெயர் வந்ததுதான் வினை.

நேயா முதலில் சொன்ன வார்த்தை 'கோக்கி'. சாயந்திரம் கூட்டிவரப் போனால் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பாள், ஆனால் தாவி வரமாட்டாள். கோகிலாவின் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டும். கார் கிளம்பியதும் ஆரம்பிக்கும் அழுகை வீடு வரைக்கும் ஓயாது. வீட்டில் நிரஞ்சனாவின் தோளில் போட்டுத் தட்டினால் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு திமிறுவாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வாசனைதானே, அப்புறம் ஏன் எங்கிட்ட மட்டும் அழறா?" என்று ஸ்வேதாவிடம் கேட்டாள் நிரஞ்சனா.

"சில குழந்தைங்களுக்கு அப்படித்தான் மேடம். காலைல இருந்து இங்கயே பழகிடுது. இங்க உங்களை நல்லாத் தேய்ச்சு விடறோம்ல, அது கொஞ்சம் அதிகமாத் தெரியும். வீட்டுல நீங்க லேசா இருப்பீங்க."

வீட்டில் தான் லேசாக இருக்கிறோம் என்ற வார்த்தை நிரஞ்சனாவின் நெஞ்சில் போய்க் குத்திக்கொண்டு நின்றது. தன்னைவிட அதிகமாகத் தானாக இருக்கும் ஒருத்தி! அதன் பிறகு கேமராவில் பார்க்கும்போது 'அது நான்' என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. என்னைத் திருடிப் பூசிக்கொண்டு என் பிள்ளையைப் பறிக்கிறாள் என்றுதான் தோன்றியது.

இதில் சஞ்சித் வேறு. வாரத்தில் இரண்டு நாள் குழந்தையைக் கூட்டிவர அவன் போவான். போனவன் சட்டென்று வந்தோம் என்றில்லாமல், வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பான். ஆபீசில் மீட்டிங் நடக்கும்போதே கேமராவில் அதைப் பார்த்தாள் நிரஞ்சனா. கோகிலா ஏதோ சொல்கிறாள், இவன் தலையைச் சாய்த்துச் சிரிக்கிறான். தன் வாசனை அடிக்கும் இன்னொரு பெண்ணின் ஒரு முழ தூரத்தில் தன் புருஷன். சீசாவை மோந்து கண்ணை மூடியவன்தானே இவன்?

அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டுவிட்டாள். "கோகிலாக்காகிட்ட அப்படி என்ன பேச்சு?"

"அவங்க பெரிய பையனுக்கு மேத்ஸ் வரலையாம். எந்த டியூஷன் நல்லாருக்கும்னு கேட்டாங்க."

"அதுக்கு அவ்வளவு பக்கத்துல நிக்கணுமா? என் வாசனை வருதுல்ல அவங்க மேல?"

சஞ்சித் தோசையைப் பிய்த்த கையை நிறுத்தினான். "உன் வாசனையா? எனக்கு ஒண்ணும் வரலையே."

"பொய் சொல்லாதே. சீசாவை வெச்சே கண்ணை மூடின ஆளு நீ."

"நிரு, நிஜமாவே வரலை. வந்தா வந்துதுன்னு சொல்லிட்டுப் போறேன். எனக்கென்ன பயமா?"

"அப்ப மூக்குல கோளாறா?"

"உனக்குத்தான் எங்கயோ கோளாறு" என்று எழுந்து கைகழுவப் போய்விட்டான். பதில் இருப்பவன் எழுந்து போகமாட்டான் என்று நிரஞ்சனா முடிவு கட்டினாள். மறுநாள் காலை ஸ்வேதாவின் அறையில் போய் உட்கார்ந்தாள்.

"என் சீசாவை நிறுத்திடுங்க. இனிமே கோகிலாக்கா அதைப் போடக்கூடாது."

ஸ்வேதா பதறிவிட்டாள். "மேடம், திடீர்னு நிறுத்தினா பாப்பா ரொம்ப அழும். சாப்பிடாது, தூங்காது. ஒரு வாரம் பாடாய்ப் படுத்தும். பாவம் மேடம்."

"பரவாயில்லை. அழட்டும்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் கொடுமை அவளுக்கே தெரிந்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆம், அழத்தான் வேண்டும். அந்தக் கழுத்தில் அம்மா இல்லை என்று கண்டுபிடித்து, வீறிட்டு அழுது, தன்னைத் தேட வேண்டும். பெற்ற பிள்ளை அழ வேண்டும் என்று ஆசைப்பட்டாள் நிரஞ்சனா. அவ்வளவு தூரம் போயிருந்தது.

அன்றைக்கு ஆபீசில் ஒரு வேலையும் ஓடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோகிலா வந்தாள், நேயாவைத் தூக்கினாள். 'இப்போது' என்று நிரஞ்சனா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நேயா கோகிலாவின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். கோகிலா பொய்யாகக் கத்தினாள். நேயா கெக்கெக்கென்று சிரித்தாள். பருப்புச் சாதம் சாப்பிட்டாள். கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். மறுநாளும் அதே சிரிப்பு, அதே தூக்கம்.

'அழு கண்ணு, கொஞ்சம் அழேன்' என்று அவள் முணுமுணுத்ததைக் கேட்டுப் பக்கத்து மேஜைக்காரி விசித்திரமாகப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் பொறுக்க முடியாமல் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே காப்பகத்துக்குப் போனாள். குழந்தைகள் தூங்கும் நேரம். கோகிலா பின்பக்கம் கொடியில் சின்னச் சின்னத் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மணி. பாப்பா இப்பத்தான் தூங்குனா."

"எனக்குத் தெரியும். கேமராவுல பாத்தேன். கோகிலாக்கா, ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லணும். சீசாவை நிறுத்தச் சொன்ன பிறகும் திருட்டுத்தனமாப் போட்டுட்டு இருக்கீங்களா?"

கோகிலா கையிலிருந்த துணியைப் பிழிந்து உதறினாள்.

"நிறுத்தறதுக்குப் போட்டிருந்தாத்தானுங்க அம்மணி."

"என்ன சொல்றீங்க?"

"மொத ரெண்டு மாசம் போட்டனுங்க. அதுக்கப்புறம் போடறதில்லீங்க. நாலு மாசத்துக்கு மேலயே ஆச்சு."

நிரஞ்சனாவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப மாசா மாசம் நான் குடுத்தது?"

"வாஷ்பேசின்ல ஊத்திருவனுங்க."

"என்னையா? என்னையா ஊத்துனீங்க?"

கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபடியே, ஆனால் தடுமாறாமல் சொன்னாள்:

"தப்புத்தானுங்க. ஆனா சொல்றனுங்க, கேளுங்க. மொத மாசம் பாப்பா என்ற கழுத்துல மூஞ்சிய வெச்சு முத்தங் குடுக்கும். எனக்கு உள்ளுக்குள்ள அப்படியே பூரிச்சுப் போகும். அப்புறம் நெனச்சுப் பாத்தா, அது எனக்குக் குடுத்ததில்லீங்களே, உங்குளுக்குக் குடுத்ததுதானுங்க? பீ அள்ளறது நானு, சோறூட்டறது நானு, இடுப்பொடியத் தூக்கறது நானு. முத்தம் மட்டும் உங்குளுக்குப் போகுது. எரிச்சலாப் போச்சுங்க அம்மணி. ஒரு நா சீசா போடாமத் தூக்கிப் பாப்போம், நம்ம மேல வருதா இல்ல சீசா மேல வருதான்னு பாத்தனுங்க."

"அழுதாளா?"

"ரெண்டு நா அழுதுச்சுங்க. மூணாம் நா என்றகிட்டயே வந்துருச்சு."

அந்தக் குரலில் கர்வம் இருந்தது. மறைக்க அவள் முயலவும் இல்லை. இத்தனை மாதமும் நிரஞ்சனா எரிந்துகொண்டிருந்தது தன் வாசனையைப் பூசிய ஆயாவைப் பார்த்து. அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. குழந்தை கொஞ்சியது கோகிலாவைத்தான். அவள் வேர்வையை, அவள் மூக்குத்தியை, அவள் குரலை. திருட்டு என்று சொல்லிக் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று. திருட்டு என்றால் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். இதை எங்கே போய் வாங்குவது?

"நான் ஸ்வேதாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா இன்னிக்கே உங்க வேலை போயிடும்."

"போயிருமுங்க. புதுசா ஒருத்தி வருவா. உங்க சீசாவப் பூசிக்குவா. பாப்பா கொஞ்ச நா அழுகும், அப்புறம் அவகிட்டப் போயிரும்." கோகிலா காலி வாளியைக் கவிழ்த்து வைத்தாள். "சொல்றதுன்னாச் சொல்லுங்க. எனக்குப் பையங்க ஃபீசுதான் யோசனை."

நிரஞ்சனா கொடியில் தொங்கிய நேயாவின் சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது அவள் வாயிலிருந்து வந்தது அவளே நினைத்து வந்ததல்ல.

"நான் யார்கிட்டயும் சொல்லலை. உங்க வாசனையை எனக்குக் குடுங்க."

கோகிலா நிமிர்ந்து பார்த்தாள். புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் லேசாகச் சிரித்தாள்.

"அம்மணி, நல்லா ரோசன பண்ணிக்கங்க. நீங்க என்னையப் பூசிக்குவீங்க. பாப்பா உங்க கழுத்துல மொகத்த வெச்சுட்டு என்னையத்தான் கொஞ்சும். உங்குளால தாங்க முடியுமுங்களா? என்னால முடியலீங்களே."

"முடியும்" என்றாள் நிரஞ்சனா. "அவ என் தோள்ல தூங்குனாப் போதும்."

இரண்டு நாள் கழித்து ஒரு பழைய பனியன் காகிதப் பையில் வந்தது. கிராஸ்கட் ரோட்டில் மணநகல் போட்டுத் தரும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கடைக்காரன் கோகிலாவுக்குப் போன் போட்டுச் சம்மதம் கேட்டுக்கொண்டான். பிறகு பனியனை மெஷினில் போட்டபடி, "உங்களுக்கு யாருங்க?" என்றான். "அக்கா" என்று புளுகினாள் நிரஞ்சனா. "ஊருக்குப் போறாங்களா? ரெண்டு சீசாவா வாங்கிக்கங்க, குறைச்சுத் தர்றேன்" என்றான்.

காரில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். அவளுடைய சீசாவைப் போல் இது தண்ணீராக இல்லை. சீயக்காயும் வேர்வையும் சோறு வடித்த கஞ்சியும், அவற்றுக்கு அடியில் பெயர் சொல்லத் தெரியாத ஏதோ ஒரு வெதுவெதுப்பும் எழுந்து வந்தன. நாற்றமாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நன்றாக இருந்தது. அந்த மடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல அவளுக்கே இருந்தது. ஆத்திரத்தோடு மூடியைத் திருகினாள்.

சாயந்திரம் குழந்தை வழக்கம்போல அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தது. நிரஞ்சனா உள்ளறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். தரையில் உட்கார்ந்து, காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் சொட்டித் தேய்த்துக்கொண்டாள். பிறகு மகளைத் தோளில் போட்டாள்.

அழுகை பாதியில் நின்றது. நேயா தலையைத் தூக்கி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கதவுப் பக்கம் பார்த்தாள். யாரையோ தேடினாள். "கோக்கி?" என்றாள்.

"ஆமாம் கண்ணு" என்றாள் நிரஞ்சனா.

நேயா இன்னொரு முறை அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு, இது போதும் என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். திமிறல் அடங்கி உடம்பு கனத்தது. சின்னக் கை அம்மாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தது. அப்படித் தட்டக் கற்றுக்கொடுத்தது யார் என்று நிரஞ்சனாவுக்குத் தெரியும். எத்தனை மாதமாக ஏங்கிய கனம் இது! சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் இந்தத் தூக்கத்தில் தனக்கு எவ்வளவு, கோகிலாவுக்கு எவ்வளவு என்று மனசு பங்கு பிரித்துக்கொண்டே இருந்தது. தனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சஞ்சித் வந்துவிட்டான். ஷூவைக் கழற்றும் சத்தம், பையை வைக்கும் சத்தம். உள்ளே நாலு எட்டு எடுத்துவைத்தவன் நடுக்கூடத்தில் நின்றான். காற்றை ஒரு முறை இழுத்து மோந்தான்.

"அட, கோகிலாக்காவா! எப்ப வந்தீங்க?"

அந்தக் குரலில் இருந்த மலர்ச்சியை நிரஞ்சனா கேட்டு எத்தனையோ நாளாயிற்று. பாதி சாத்திய கதவு இடுக்கில் பார்த்தாள். அவன் கூடத்துக் கண்ணாடி முன்னால் நின்று, தலையைக் கையால் அவசரமாகக் கோதி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"கோகிலாக்கா?" என்றான் மறுபடியும், கதவை நோக்கி வந்துகொண்டே.

வாயைத் திறந்தால் குழந்தை விழித்துக்கொள்ளும். நிரஞ்சனா மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.